சாணி மெழுகிய ஜீப்

மத்தியான வெயில். புழு அறையின் ஈரச் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் எங்கள் ஜீப் நின்றது. அதன் பின்பக்கத்தில், நான் மூன்று வாரமாகக் காத்திருந்த நான்கு அடுக்கு இரும்பு ரேக். பச்சைப் பசேல் என்று மின்னிக்கொண்டிருந்தது.

ரேக்குக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் சூசை. மறுபக்கம் அவருடைய சிநேகிதர் செல்லையா. இரண்டு பேர் முகத்திலும் கல்யாண மாப்பிள்ளைச் சிரிப்பு. மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள்.

“எப்படி இருக்கு மதினி? கம்பெனி ஃபினிஷ்! ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன்லா” என்றார் செல்லையா. அவர் திருநெல்வேலிக்காரர். சூசை வேலை பார்க்கும் கம்பெனியிலேயே பெயிண்ட் ஷாப்பில் வேலை. என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குக் கண்ணை விட மூக்கு முந்திக்கொண்டது. புது பெயிண்ட் வாசனை வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

“வண்டிய மொதல்ல தள்ளுங்க! தெருக்கோடிக்குத் தள்ளுங்க!” என்று கத்தினேன்.

யாரும் அசையவில்லை. ஜீப்பில் பாம்பு ஏதும் புகுந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நானே போய் பம்பரில் கையை வைத்துத் தள்ள ஆரம்பித்த பிறகுதான் ஆண்கள் கை கொடுத்தார்கள். மாப்பிள்ளைகள் இரண்டு பேரின் சிரிப்பும் பாதி வழியிலேயே செத்துவிட்டது.

பஸ் கூரையில் ஒரு புகையிலை மூட்டை

பட்டுப்புழு வளர்க்காதவர்களுக்கு இந்தக் கத்தல் விளங்காது. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

முட்டையிலிருந்து வரும் புழு ஒரு நூல் பிசிறு அளவுதான் இருக்கும். அதைக் குடிசையில் வைத்துக் காப்பாற்றுவது பெரும் பாடு. அதனால் எங்கள் பக்கம் ஒருவர் பொறுப்பெடுத்து, சுத்தமான அறையில் வைத்து, மல்பரி இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டு வளர்ப்பார். இரண்டு முறை தோல் உரிக்கும் வரை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பார். இந்தக் குஞ்சுப் புழுவுக்கு சாக்கி என்று பெயர். நான் சாக்கிக்காரி.

தோல் உரிக்கும்போது புழு ஒரு நாள் தின்னாமல் அசையாமல் கிடக்கும். கன்னடத்துக்காரர்களைப் பார்த்து நாங்களும் அதை ‘ஜொரம்’ என்போம். இரண்டாவது ஜொரத்தில் கிடக்கும்போதுதான் தட்டுகளை விவசாயி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எழுந்த பிறகு முதல் இலையை அங்கேதான் தின்ன வேண்டும். நேரம் தப்பினால் எல்லாம் தப்பிப் போகும்.

இந்தச் சீவனுக்கு வாசனை ஆகாது. பீடி குடித்த கையோடு இலை போட்டால் போதும், பச்சைத் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருண்டுவிடும். பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், ஊதுபத்தி எதுவும் ஆகாது. நான் அந்த நாட்களில் தலைக்கு வாசனை எண்ணெய் கூட வைப்பதில்லை. பூவும் கிடையாது. மாதா கோயிலில் பூசைக்குப் போனால் சாம்பிராணிப் புகைக்குப் பயந்து கடைசி வரிசையில் நிற்பேன். என்னிடம் பக்தி குறைவு என்று பங்குச் சனங்களிடம் ஒரு பேச்சு உண்டு.

அதற்கு முந்தின பயிரில் தட்டுகளை பஸ்ஸில்தான் கொண்டுபோனேன். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலையூர்களில் ஒன்பது குடும்பங்கள் எனக்காகக் காத்திருந்தன. கண்டக்டர் தட்டுகளைக் கூரைமேல் ஏற்றினார். பக்கத்தில் யாரோ ஒரு புகையிலை மூட்டையை ஏற்றியிருந்தார்கள். மேலே ஏறி நான் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஒன்பது வீட்டுத் தட்டிலும் ஒரு புழு கூட எழவில்லை.

எட்டுப் பேர் திட்டினார்கள். ஒன்பதாவது ஆள் கெம்பம்மா திட்டவில்லை. அவருக்குக் கணவர் இல்லை. அரை ஏக்கர் மல்பரியை நம்பி மூத்த மகளைத் தளியில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். காலித் தட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்.

“மேரம்மா, இன்னொரு தபா பாக்கறேன். அதுவும் போச்சுன்னா மல்பரிய வேரோட புடுங்கிட்டு ராகி வெதைச்சிருவேன். ராகி வயித்துக்கு ஆகும், பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. பொண்ண கூட்டியாந்து கல்லு ஒடைக்க அனுப்பறது தான்.”

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கண்டக்டர் மீதும் புகையிலைக்காரர் மீதும் வந்த கோபம் சூளகிரி ரோட்டுப் புழுதி மாதிரி சீக்கிரம் அடங்கிவிட்டது. என் மீது வந்தது அடங்கவில்லை. இனி என் புழுவை இன்னொருவர் வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இடது பக்க ஸ்டியரிங்

ஜீப் கிடைத்த கதை தனி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் குவாரியில், வேலிக்கருவை நிழலில், டயர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் ராணுவத்தில் ஓடியதாம். சின்ன வண்டி. கதவு கிடையாது. ஸ்டியரிங் இடது பக்கம். கண்ணாடியை மடித்து முன்னால் படுக்க வைக்கலாம். குவாரிக்காரர் அதைத் தொலைத்தால் போதும் என்ற மனநிலையில் இருந்தார்.

சூசைக்கு அதைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. அவர் வெல்டர். உடைந்த எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒட்டத்தான் தோன்றும். நான் அதன் சக்கரத்தைப் பார்த்தேன். எங்கள் மலைப்பாதையில் மாட்டு வண்டிக்கு அடுத்தபடியாக ஏறக்கூடியது அதுதான்.

வண்டி ஓட்டுவது யார் என்ற பேச்சு வந்தது. அவருக்கு ஷிப்ட். புழு ஷிப்ட் பார்த்து ஜொரத்தில் படுப்பதில்லை. “நான் ஓட்டறேன்” என்றேன். அவர் சிரித்தார். மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாட்டுப் பண்ணை ரோட்டில் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். கிளட்சை மிதிக்க என் கால் எட்டாததால் முதுகுக்கு ஒரு தலையணை. மேய்ந்துகொண்டிருந்த பண்ணை மாடுகள் இரண்டு வாரத்தில் என் வண்டிச் சத்தத்துக்குத் தலை தூக்குவதை விட்டுவிட்டன. அதையே லைசென்ஸாக எடுத்துக்கொண்டேன். நிஜ லைசென்ஸ் பிறகு வாங்கினேன், பயப்பட வேண்டாம்.

அந்த வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதன் வாசனை பின்னால் போகாமலிருக்கச் சூசை சீட்டுக்குப் பின்புறம் ஒரு தகர மறைப்பு வைத்தார். புகைக்குழாயை நீட்டிப் பக்கவாட்டில் திருப்பினார். பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு அடுக்கு ரேக்குக்கு அளவெடுத்தார். தட்டு சாயக்கூடாது, குலுங்கக்கூடாது, நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிடக் கொக்கி வேண்டும். மேலே இலை மூட்டைக்கு ஒரு சட்டம் வேண்டும். நான் கேட்டதெல்லாம் அவர் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். சிகரெட்டையும் அன்றோடு விட்டார், நான் விடச் சொன்னேன்.

மூன்று வாரம் ஷிப்ட் முடிந்து வந்து வெல்டிங் வைத்தார். ஒவ்வொரு அடுக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். அடுக்குக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை வெட்டிக் கொடுத்தார். ஒரு குழந்தைக்குத் தொட்டில் செய்கிற மாதிரி செய்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை இந்தத் தொடரில் போன வாரமே எழுதிவிட்டேன்.

கடைசியில் “சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கு” என்று ரேக்கைச் செல்லையா வீட்டுக்குக் கொண்டுபோனார். எனக்குத் தெரியாமல் பெயிண்ட் அடித்து அசத்துவதாக இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

அம்மணமா போக விடறதா?

தெருக்கோடியில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. புழு அன்று காலையில்தான் இரண்டாவது ஜொரத்தில் படுத்திருந்தது. மறுநாள் விடியும்போது புறப்பட்டாக வேண்டும்.

“பெயிண்ட் எதுக்கு அடிச்சீங்க?”

“எதுக்குன்னா? வெல்டிங் வெச்ச இரும்ப அப்படியே ரோட்டுல அம்மணமா போக விடறதா? துரு புடிக்காதா? நாலு பேரு பாத்தா என்னா சொல்வாங்க?” என்றார் சூசை. கம்பெனியில் பெயிண்ட் ஏறாத சாமான் கேட்டைத் தாண்டாது. பத்து வருடம் அப்படிப் பழகிய மனுஷருக்கு வேறு எப்படித் தோன்றும்?

“தின்னர் இருக்கு மதினி. துணில நனைச்சித் தொடச்சா ரெண்டு நிமிசத்துல போயிரும்” என்றார் செல்லையா.

“அது இதுக்கு அப்பன்!” என்றேன். “அந்த வாசன ஒரு வாரம் நிக்கும்.”

“கேஸ் வெச்சி எரிச்சிரலாமா?” என்றார் சூசை.

“எரிச்சா அதுக்கும் மேல.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீய மதினி?”

“சொரண்டணும்.”

சூசை ரேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மூணு வாரம் மேரி” என்றார். வேப்பமரத்து வேரில் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு நேரமில்லை என்று அப்போது நினைத்தேன். உடைந்த சோடா பாட்டில் கண்ணாடியை எடுத்து மேல் அடுக்கில் சுரண்ட ஆரம்பித்தேன்.

கிரீச் கிரீச் என்று பல் கூசும் சத்தம். பச்சை பெயிண்ட் சுருள் சுருளாக விழுந்தது. நல்ல பெயிண்ட், இலேசில் விடவில்லை. செல்லையா தன் கைவேலையைத் தானே சுரண்டுவதற்கு ஆக்சா பிளேடு துண்டோடு வந்தார். “எங்க போர்மேன் இதப் பாத்தா தூக்குல தொங்கிருவாரு” என்று புலம்பிக்கொண்டே சுரண்டினார்.

மூன்று மணிக்கு ஏ ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். தெருக்கோடியில் கூட்டத்தைப் பார்த்து என்னவென்று விசாரித்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஃபிட்டர்களும் டர்னர்களும் வாழ்கிற தெரு அது. ஒவ்வொருவரும் வீட்டுக்குள் போய் அவரவர் அரத்தையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யார் அரம் நல்ல அரம் என்று போட்டி வேறு. பெண்கள் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டுவந்தார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். எல்லா மொழியிலும் ஒரே அர்த்தம்தான்: நீ சுரண்டுவது சரியில்லை, தள்ளு.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் ஒரு கை வந்து கண்ணாடித் துண்டை வாங்கியது. சூசை. “கைய கிழிச்சிக்குவ, குடு” என்றார்.

சாயங்காலத்துக்குள் வெள்ளை இரும்பு வெளியே வந்துவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். புழு வளர்க்கும் தட்டுக்குச் சாணி மெழுகுவது எங்கள் வழக்கம். ரேக்குக்கும் அதையே செய்வதென்று முடிவானது. கம்பெனி ஃபினிஷ் இருந்த இடத்தில் சாணி. செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீழ் அடுக்கில் வெல்டிங் சேரும் மூலையில் மட்டும் ஒரு சந்து. பிளேடு நுழையவில்லை. உள்ளே பச்சை தெரிந்தது.

“கழட்டினாத்தான் கையி போவும். கழட்டட்டுமா?” என்று சூசை கேட்டார்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. உள்ளே புழுவுக்குச் சுண்ணாம்புத் தூள் தூவும் வேலை பாக்கி. “போதும், சாணிய அப்பி அடைச்சிருங்க” என்றேன். அந்த ‘போதும்’ நான் சொன்னது. இந்த வயதில் அதை யார் தலையிலும் கட்ட விரும்பவில்லை.

கீழ் அடுக்கு

விடியும்போது புறப்பட்டோம். சூசை லீவு போட்டுவிட்டு ரேக்குக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து தட்டுகளைப் பிடித்துக்கொண்டார். நான் ஓட்டினேன். கடைசியாக இறங்க வேண்டிய தட்டு முதலில் ஏற வேண்டும். கெம்பம்மா வீடுதான் மலையில் கடைசி வீடு. ஆகவே அவருடைய இரண்டு தட்டும் கீழ் அடுக்கில் உள்மூலை. குலுக்கல் குறைந்த இடம், அவருக்குத்தான் அது வேண்டும் என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

ரேக் வேலை செய்தது. தேன்கனிக்கோட்டை தாண்டி ரோடு கல்லும் குழியுமாக ஆனபோது என் பல் ஆடியது, தட்டு ஆடவில்லை. ஒவ்வொரு வீடாக இறக்கினோம். முதல் வீடு, இரண்டாவது, ஐந்தாவது. துணியை விலக்கினால் புழுக்கள் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்திருந்தன. போன தடவை என்னைத் திட்டிய ஒரு பெரியவர் தட்டையும் பார்த்தார், ரேக்கையும் பார்த்தார். “சாணி அடிச்ச ஜீப்பு! ஒள்ளே ஐடியா” என்று பாராட்டினார். பின்னாலிருந்து சூசையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெயிண்டைச் சுரண்டச் சொன்ன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

கெம்பம்மா வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில் வந்துவிட்டது. அவர் இலை பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தார். சூசை தட்டுகளை இறக்கி வைத்தார். நான் துணியை விலக்கினேன்.

தட்டில் பாதிக்கு மேல் பச்சையாகக் கக்கியிருந்தது. புழுக்கள் சுருண்டு கிடந்தன. அடுத்த தட்டையும் திறந்தேன். அதுவும் அப்படியே.

சூசை எழுந்தார். வண்டிக்குப் போய்க் கீழ் அடுக்கு மூலையில் சுண்டு விரலை விட்டுத் தோண்டினார். வழியில் குலுங்கிச் சாணி உதிர்ந்திருந்தது. விரல் நுனியில் பச்சைப் பெயிண்டோடு வந்து என் முன்னால் நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஓடிவிடத் தோன்றியது. துணியை மூடிவிட்டு, “இன்னும் ஜொரம் தீரல, சாயங்காலம் எந்திரிக்கும்” என்று சொன்னால் போதும். கெம்பம்மா நம்புவார். சாயங்காலம் எழவில்லை என்றால் தன் கை ராசியைத்தான் நொந்துகொள்வார். எட்டு வீட்டில் புழு எழுந்திருக்கிறது, ஒரு வீட்டில் எழவில்லை. யார் என்னைக் கேட்பார்கள்?

கெம்பம்மா தலையில் இலைக் கூடையோடு வந்தார். “எந்திரிச்சதா மேரம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் குரலில் இருந்த ஆசை இருக்கிறதே, அதற்கு முன்னால் நின்று என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“இல்லக்கா. செத்துப்போச்சு. பெயிண்ட் வாசன. தப்பு எங்களுது, எம்மேலதான்” என்றேன்.

கூடையை இறக்கி வைத்தார். தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு நேரே சூசையிடம் திரும்பினார்.

“பெயிண்டா? புழுவுக்கு பெயிண்ட் அடிச்சியா? ஏம்ப்பா, உனக்கு மண்டயில ஏனு இதே, மூள இல்லயா? பெயிண்ட் மிச்சம் இருந்தா உன் மூஞ்சிக்கு அடிச்சிக்கோ!” கன்னடமும் தமிழுமாகக் கொட்டித் தீர்த்தார். சூசை விரலை மறைத்துக்கொள்ளாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் கெம்பம்மா மல்பரிக் கொல்லையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

மடியில் இரண்டு தட்டு

எனக்கென்று வைத்துக்கொண்ட தட்டு வீட்டில் இரண்டு இருந்தது. என் சொந்தப் பயிர். அதைக் கொடுத்துவிட்டால் அந்தப் பருவத்தில் எனக்கு ஒரு கூடு கூடக் கிடையாது. யோசிக்கத்தான் செய்தேன், யோசிக்கவில்லை என்று பெருமை அடிக்க மாட்டேன். ஆனால் நீண்ட நேரம் யோசிக்கவில்லை.

“அக்கா, வீட்ல ரெண்டு தட்டு இருக்குது. குளுந்த இடத்துல வெச்சிருக்கறேன், லேட்டாத்தான் எந்திரிக்கும். போயி எடுத்தாந்துர்றேன்.”

“நானும் வர்றேன். உங்கள நம்ப மாட்டேன்” என்றார் கெம்பம்மா.

சூசை நான்கு போல்ட்டையும் கழற்றி ரேக்கை அங்கேயே இறக்கினார். வண்டி இலேசாக இருந்தால் சீக்கிரம் போகலாம். “நீ போ. நான் இந்த மூலைய பாத்துக்கறேன்” என்றார்.

நானும் கெம்பம்மாவும் இறங்கினோம். அதுவரை அவர் பஸ்ஸைத் தவிர வேறு வண்டியில் ஏறியதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மாதேஸ்வரனைக் கூப்பிட்டார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். மத்திகிரியில் இரண்டு தட்டையும் ஈரத்துணி சுற்றி எடுத்தோம். கெம்பம்மா இரண்டையும் தன் மடிமேல் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும் வழி முழுக்க அவர் கை இரண்டும் தட்டைப் பிடித்திருந்ததால் சாமி கும்பிடவும் வழியில்லை. குழி வந்தால் உடம்பைத் தூக்கிக்கொள்வார், தட்டு மட்டும் அப்படியே நிற்கும். டேங்க் என் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் வாசனை அவர் பக்கம் போகக்கூடாதென்று முன் கண்ணாடியை மடித்துப் போட்டுவிட்டு, முகத்தில் புழுதி அடிக்க அடிக்க ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சூசை ரேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, கையோடு கொண்டுவந்த ஆக்சா பிளேடால் கீழ் அடுக்கைத் தனியாக அறுத்தெடுத்து, மூலைகளைக் கருங்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் முட்டியில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நிமிர்ந்து எங்கள் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

கெம்பம்மா தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துத் துணியை விலக்கினார். புழுக்கள் எழுந்துகொண்டிருந்தன. இலையை நறுக்கி, விரலால் பரவலாகத் தூவினார். மூன்று பேரும் தட்டைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தோம். ஒன்று இலை விளிம்பில் ஏறியது. இன்னொன்று ஏறியது. பிறகு எண்ண முடியவில்லை. இலையின் ஓரங்களில் சின்னச் சின்னக் கடி விழுவது கண்ணுக்குத் தெரிந்தது.

எனக்குக் கண்ணைக் கரித்தது. சூசை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கெம்பம்மா நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். அறுத்துக் கிடந்த ரேக்கைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்தார். பிறகு சூசையிடம் அதட்டலாகச் சொன்னார்:

“நோடப்பா, அடுத்த தபா என் தட்ட மேல் அடுக்குல வெச்சி கொண்டா.”